பெல் அடிக்காமல் நிற்கிற பஸ்

கண்டக்டரம்மாவுக்கு இந்த உலகத்தில் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். படியில் தொங்கிக்கொண்டே உள்ளே இடமில்லை என்று சாதிப்பவர்கள், ஜன்னல் வழியாகப் பையை எறிந்து சீட்டுப் பிடிப்பவர்கள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டும்வரை குறட்டை விட்டுவிட்டு அப்புறம் எழுந்து அவளை முறைப்பவர்கள். இவர்கள் அத்தனை பேரையும் ஒரு தட்டிலும் தன் புருஷனை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்தால், புருஷன் இருக்கிற தட்டுதான் தரையைத் தொடும் என்று அவள் சொல்வாள். அதையும் அவர் காதுபடவே சொல்வாள். வேறு வழியில்லை. அவள் டிக்கெட் கொடுக்கிற பஸ்ஸை ஓட்டுகிற டிரைவரே அவர்தான்.

பொதுவாகப் பஸ் கம்பெனி அப்படியெல்லாம் விடாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் வேலை பார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் மேட்டு ரூட் என்று ஒன்று இருந்தது. டவுன் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் தொட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மூச்சிரைக்க மேடேறி, உச்சியில் இருக்கிற நிழற்குடையில் போய் நிற்கும் பஸ். ராத்திரி அங்கேயே தங்கி, விடிந்ததும் கிளம்ப வேண்டும். அந்த ரூட் என்றாலே டிப்போவில் எல்லோருக்கும் திடீரென்று இடுப்பு வலி வந்துவிடும். இவர்கள் இருவருக்கும் வீடு அந்த நிழற்குடைக்குக் கூப்பிடு தூரத்தில். ஆகவே கம்பெனி கண்ணை மூடிக்கொண்டு இருவரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டது. பெரிய சலுகை செய்த மாதிரி வேறு அவ்வப்போது சொல்லிக் காட்டும்.

சலுகையா அது, தண்டனை என்பாள் கண்டக்டரம்மா. காலையில் எழுந்தால் அந்த முகம். பஸ்ஸில் ஏறினால் கண்ணாடியில் அந்த முகம். ராத்திரி வீட்டுக்கு வந்தால், "இன்னைக்கு ஒருத்தரையும் பார்க்கல, போரடிக்குது" என்று சொல்கிற அதே முகம்.

அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு ரயில் எட்டிப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியோ, காலேஜோ, கோர்ட்டோ, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற இடமோ, எங்கே போவதென்றாலும் கம்பெனியின் பச்சை வெள்ளை பஸ் ஒன்றுதான் கதி. வந்தால் லேட் என்று திட்டுவார்கள். வராவிட்டால் கம்பெனியின் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். திட்டு முழுக்க வந்து விழுகிற இடம் கண்டக்டர். டிரைவரை யாரும் திட்டுவதில்லை. குறிப்பாக இந்த டிரைவரை ஒருவரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஏன் சொல்லப்போகிறார்கள்? கேட்ட இடத்திலெல்லாம் நிறுத்துகிற மகராசன் அல்லவா?

பஸ்ஸில் ஒரு ஒழுங்கு உண்டு. பெல் கண்டக்டருடையது, பிரேக் டிரைவருடையது. ஒரு பெல் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும். பெல் இல்லாமல் நிறுத்தினால் அது டிரைவர் குற்றம். கண்டக்டரம்மா முறையாகப் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, அந்தக் கிளையின் முதல் பெண் கண்டக்டராக, ஆண்பிள்ளை அளவில் தைத்த சட்டையைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவள். சட்டம் என்றால் அவளுக்குச் சட்டம். அவள் புருஷனுக்கோ ரோட்டோரத்தில் ஒரு கை உயர்ந்தால் போதும், கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். கொட்டாவி விட்டுக் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தவனுக்காகக்கூட ஒரு தடவை பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். அவனும் நிறுத்திவிட்டார்களே என்று ஏறிவிட்டான்.

இதில் சொல்லக் கூடாத ஒரு விஷயம் உண்டு. கம்பெனியில் நேர்முகத்துக்கு வந்த அன்று அவள் பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டு, ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் சர்டிபிகேட்டுமாக ரோட்டில் ஓடினாள். பெல் இல்லாமல் நின்ற பஸ் ஒன்று அவளை ஏற்றிக்கொண்டது. அன்றைய கண்டக்டர் டிரைவரைத் திட்டிய திட்டு அவளுக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. பிற்பாடு அதே திட்டுகளைத்தான் அவளும் அந்த டிரைவருக்குப் பயன்படுத்தி வருகிறாள். யாராவது அந்தக் கதையை எடுத்தால் டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள்.

ஒரு நாள் மத்தியானம் கிளை மேனேஜர் அவளை மாடிக்குக் கூப்பிட்டார். கீழே ஒர்க்‌ஷாப், மேலே ஆபீஸ். டீசல் வாசனை படியேறி வந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் தான் செய்ததாகச் சொல்ல மாட்டார், எல்லாம் மேலிடம்.

"மேட்டு ரூட்டைப் பாலத்தோட திருப்பிடலாம்னு மேலிடத்துல நினைக்கிறாங்கம்மா. மேல ஆளே இல்லையாம்."

"ஆளே இல்லையா? காலையில எனக்கு மூச்சு விட இடமில்ல சார்!"

"அதெல்லாம் பாலத்துல ஏறுற கூட்டம்னு சொல்றாங்க. பாலத்துக்கும் மேட்டுக்கும் ஒரே கட்டணம்தானே, டிக்கெட் மிஷின்ல எங்க ஏறினாங்கன்னு தனியா தெரியாது. அதான் ஒரு வாரம் ஆள் வச்சு ஸ்டாப்புல எண்ணப் போறாங்க. ஆள் இருந்தா ரூட் இருக்கும். இல்லேன்னா பஸ் ராத்திரி டிப்போவுலயே நிக்கும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில இருக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம்தான். சட்டம் உங்களுக்குத் தெரியாததா?"

அவள் தடதடவென்று படி இறங்கி வந்தாள். டிரைவர் முன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நல்லதுதானே? இந்த ஆள் தொல்லை விட்டுச்சுன்னு நிம்மதியா இருப்பே."

வேறு சமயமாக இருந்தால் ஆமாம் என்று ஒரு நீட்டு நீட்டியிருப்பாள். இப்போது சுருக்கென்று தைத்தது. எத்தனையோ நாள் தானே சொன்ன வார்த்தைதான். ஆனாலும் இன்னொரு டிரைவர், இன்னொரு ரூட், கண்ணாடியில் யாரோ ஒரு முகம் என்று நினைக்கவே அவளால் முடியவில்லை. அதையா அவரிடம் சொல்ல முடியும்? "வாயை மூடிட்டு வண்டியை எடுங்க," என்றாள்.

எண்ணுகிறவர் ஒரு மடக்கு நாற்காலியும் குடையுமாக வந்து சேர்ந்தார். உச்சி நிழற்குடைக்குள் நாற்காலியைப் போட்டு, கூரை ஒழுகும் என்பதால் உள்ளேயே குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதனால் மேடு முழுக்க அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் விழுந்தது.

சிக்கல் அங்கேதான் இருந்தது. அந்த நிழற்குடையைக் கட்டிய இன்ஜினியர் பஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, பக்கத்தில் மனிதர் இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை. உச்சியில் புருஷன் பெண்டாட்டி இவர்கள் வீட்டைத் தவிர ஒரு வீடு கிடையாது. ஜனங்கள் எல்லாம் சரிவில், நிழற்குடைக்கும் பாலத்துக்கும் நடுவே, ரோட்டின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். கம்பெனி கணக்கில் அந்தச் சரிவில் ஒரு ஸ்டாப்பும் கிடையாது. அதனால் என்ன? டிரைவர் இருக்கிறாரே. டீச்சர் வீட்டு வாசலில் ஒரு நிறுத்தம், தண்ணீர்க் குழாயடியில் ஒரு நிறுத்தம், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிற அக்காவின் மாட்டுக்கொட்டகை எதிரில் ஒரு நிறுத்தம், டெய்லர் கேட்டில் ஒரு நிறுத்தம். உச்சியிலிருந்து காலியாகக் கிளம்புகிற பஸ் பாலத்துக்கு வருவதற்குள் பிதுங்கி வழியும். சாயங்காலம் அதே மாதிரி வாசல் வாசலாக உதிர்த்துக்கொண்டே ஏறி, உச்சிக்கு வரும்போது துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

முதல் நாள் காலை குடைக்காரர் கண் முன்னால் பஸ் ஒற்றை ஆள்கூட இல்லாமல் கிளம்பியது. கண்டக்டரம்மா படியிலிருந்து குதித்து அவரிடம் போனாள்.

"அண்ணா, எங்ககூட பஸ்ல ஏறி வாங்க. இந்தச் சரிவுல எத்தனை பேர் ஏறுறாங்கன்னு உங்க கண்ணாலயே பாருங்க."

"ஸ்டாப்பை விட்டு நகரக் கூடாதுன்னு ஆர்டர்ம்மா."

"சரி, வராதீங்க. பாலம்வரைக்கும் நடந்தாவது போய்ப் பாருங்களேன்."

"பாலத்துல எண்ண வேற ஆள் போட்டிருக்காங்க. அவர் அங்க ஏறுறவங்களை எண்ணுவார், நான் இங்க ஏறுறவங்களை எண்ணுவேன்."

"நடுவுல ஏறுறவங்களை யார் எண்ணுவா?"

குடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நடுவுல ஸ்டாப்பே இல்லையேம்மா. அங்க எப்படி ஏறுவாங்க?"

கண்டக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு திரும்பி, ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சாவகாசமாக இந்தக் காட்சியை ரசித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். இத்தனைக்கும் இந்த மனிதர்தான் காரணம். ஒழுங்காக ஸ்டாப்பில் மட்டும் நிறுத்தியிருந்தால் ஜனங்களும் ஒழுங்காக ஸ்டாப்புக்கு வந்திருப்பார்கள், கணக்கிலும் விழுந்திருப்பார்கள். நல்லவர் என்று பெயர் வாங்கி வாங்கி ஒரு ரூட்டையே குழிதோண்டிப் புதைக்கப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் ஒவ்வொரு வாசலிலும் இறங்குகிறவர்களைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். நாளையிலிருந்து இந்த வாரம் முழுக்க எல்லோரும் உச்சிக்கு நடந்து வந்து நிழற்குடையில்தான் ஏற வேண்டும். சாயங்காலமும் உச்சிவரை வந்துதான் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ் பாலத்தோடு நின்றுவிடும்.

"கீழ போறதுக்கு மேல ஏறி வரணுமா?" என்றார் டீச்சர். "இதை நான் பிள்ளைங்ககிட்ட சொன்னாக்கூடச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் டீச்சர். அப்புறம் பாலம்வரைக்கும் மழையில நடக்கும்போது அழலாம்."

துப்புரவு அக்கா, "எனக்கு மாட்டைக் கறக்கணும், நான் வாசல்லயே நிக்கிறேன், உன் வீட்டுக்காரர் நிறுத்துவார்," என்றாள்.

"நிறுத்த மாட்டார்."

"அவரா? நிறுத்துவார்."

எல்லோருக்கும் அந்த நம்பிக்கை இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல்மேல் எரிச்சலாக இருந்தது. கெஞ்சினாள், மிரட்டினாள், சிலரிடம் சண்டையே போட்டாள். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் சரி என்றார்கள்.

டெய்லரிடம் மட்டும் அவளால் சத்தம் போட முடியவில்லை. அவர் இரண்டு கைக்கட்டைகளை ஊன்றி நடப்பவர். டவுனில் ஒரு துணிக்கடையில் உட்கார்ந்து ஸ்கூல் யூனிபாரம் தைக்கிறார். கேட்டுக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரம்தான் அவர் நடக்கிற தூரம். யாரும் கை கொடுத்தால் பிடிக்க மாட்டார். பஸ் படியிலும் தானேதான் ஏறுவார். எவ்வளவு நேரமானாலும் டிரைவர் காத்திருப்பார், கண்டக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள். தினசரி நடக்கிற கூத்து அது.

"நீங்க வந்தா ஒரு தலை கூடும் டெய்லரண்ணா. கஷ்டம்தான். பக்கத்து வீட்டு மேஸ்திரிகிட்ட சொல்லிருக்கேன், அவர் தள்ளுவண்டியில ஏத்திட்டு வந்துடுவார்."

"சிமென்ட் தள்ளுற வண்டியிலயா?"

"இந்த ஒரு வாரம் மட்டும் அண்ணா. அதுக்கப்புறம் வழக்கம்போல உங்க கேட்டுல வந்து நிக்கலேன்னா என்னைக் கேளுங்க."

அவர் மேட்டை அண்ணாந்து பார்த்தார். "நீ கேக்குறேன்னு வரேன்," என்றார்.

மறுநாள் காலை மேடே திரண்டு ஏறி வந்தது. டீச்சர் மூச்சு வாங்க நிழற்குடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். துப்புரவு அக்கா வழி நெடுக இந்தக் கம்பெனி உருப்படுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் மேஸ்திரி வியர்வை சொட்டச் சொட்ட வண்டியைத் தள்ளி வந்தார். அதற்குள் டெய்லர், மடியில் இரண்டு கட்டைகளையும் குறுக்கே வைத்துக்கொண்டு, சலவை செய்த சட்டையோடு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். யாரோ ராஜா ஊர்வலம் என்று கிண்டல் செய்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்டக்டரம்மாவும் சிரிக்கவில்லை. குடைக்காரர் மட்டும் சந்தோஷமாக எண்ணி முடித்தார்.

ஜனங்களைத் திருத்திவிட்டாள். புருஷனைத் திருத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. சரிவில் பாதி வழியில் ஒரு பெண் கூடையோடு வாசலிலிருந்து ஓடிவந்து கையை ஆட்டினாள். பஸ் நின்றது.

"யார் பெல் அடிச்சா?" என்று கண்டக்டரம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

"கை காட்டுறாங்களே."

"காட்டட்டும். இன்னைக்கு இங்க ஏத்தினா நாளைக்கு ஸ்டாப்புக்கு வருவாங்களா? ஒருத்தருக்கு நின்னா எல்லாரும் வாசல்லயே நிப்பாங்க. கை காட்டினா உடனே நிறுத்திடணுமா?"

"வேற எதுக்குக் கை காட்டுறாங்க?" என்றார் அவர். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்கச் சரிவில் இறங்கும்போது அவள் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து என்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வாசலில் ஒரு நிழல் தெரிந்தால் போதும், "காலை எடுங்க. பிரேக்லேர்ந்து காலை எடுங்க," என்பாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொல்லிச் சொல்லி, வார முடிவில் அவரைப் பழக்கியேவிட்டாள். கை உயர்ந்தாலும் நிற்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கணக்கு பிரமாதமாக வந்தது. மேனேஜர் மறுபடி மாடிக்குக் கூப்பிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், ரூட் தப்பித்தது, பஸ் உச்சிவரை போகும், ராத்திரி அங்கேயே தங்கும். அவள் சந்தோஷமாகக் கிளம்பத் திரும்பினாள்.

"இன்னொண்ணு," என்றார் மேனேஜர். "இனிமே ஸ்டாப்பைத் தவிர வேற எங்கயும் நிக்கக் கூடாது. எல்லா வண்டியிலயும் ஒரு பெட்டி மாட்டுறாங்க. ஸ்டாப் இல்லாத இடத்துல நின்னு ஆள் ஏத்தினா அது கத்தும், ஆபீசுக்கும் தெரிஞ்சுடும்."

"சார், சரிவுல வயசானவங்க இருக்காங்க. நடக்க முடியாதவங்க இருக்காங்க. நடுவுல ஒரு ஸ்டாப்பாவது போடுங்க."

"எதுக்கும்மா? எல்லாராலயும் ஸ்டாப்புக்கு வர முடியும்னு நீங்கதானே ஒரு வாரமா நிரூபிச்சுக் காட்டினீங்க? மேலிடத்துல உங்களைப் பாராட்டக்கூடச் செஞ்சாங்க."

எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவள் கண்டக்டரம்மா. அன்று அந்த வார்த்தையை மேனேஜரிடமே விட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

பெட்டி வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, கறுப்பாக, ஒரு சிவப்பு விளக்கோடு. ஜனங்கள் இவளைத் திட்டிக்கொண்டே பழகிக்கொண்டார்கள். மேல் வீட்டுக்காரர்கள் உச்சிக்கு ஏறினார்கள், கீழ் வீட்டுக்காரர்கள் பாலத்துக்கு இறங்கினார்கள். டெய்லரின் வீடு இரண்டுக்கும் நடுவில். மேஸ்திரி வேறு ஊரில் கட்டட வேலைக்கு வண்டியோடு போய்விட்டார். டெய்லருக்கு ஆர்டர் பற்றியெல்லாம் யார் சொன்னார்களோ சொல்லவில்லையோ, அவர் பாட்டுக்குத் தன் கேட்டில் வந்து நின்றார். இந்த ஒரு வாரம் மட்டும் என்று சொன்னார்கள், வாரம் முடிந்தது, நின்றார். பஸ் வந்தது. அவர் கட்டையோடு சேர்த்துக் கையைத் தூக்கினார். பஸ் போய்விட்டது.

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் குனிந்து டிக்கெட் மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தாள். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கல்யாணமானதிலிருந்து அந்த மனிதர் அவள் சொல்பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்கவே கூடாத நேரம் பார்த்துக் கேட்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிறுத்த வேண்டியதுதானே?" என்று வீட்டில் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

"நீதானே நிறுத்தக் கூடாதுன்னே?"

"நான் சொன்னா உடனே கேட்டுடுவீங்களா? இத்தனை வருஷமா கேட்டீங்களா?"

"பெட்டி இருக்கு. இந்தத் தடவை மெமோ வந்தா ஆளுக்கொரு டிப்போன்னு மேனேஜர் சொல்லிட்டார்," என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு வேற வண்டியில போகப் பிடிக்கல," என்றார்.

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்கு மட்டும் பிடிக்குமா என்று கேட்கத் தோன்றியது. பாத்திரத்தை எடுத்து மறுபடி ணங்கென்று வைத்தாள்.

மறுநாள் காலை மழை. டெய்லர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அன்று அவர் கையைத் தூக்கவில்லை. பஸ்ஸைப் பார்க்கவும் இல்லை. பழக்கத்தில் வந்து நின்றவர் மாதிரி, எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை தூக்கியபோதெல்லாம் பொறுத்துக்கொண்ட கண்டக்டரம்மாவுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. பெல் கயிற்றை அறுந்துவிடும் போல இழுத்தாள். அதே நொடியில் பஸ் கிறீச்சென்று நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பெட்டி கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.

டெய்லர் ஒவ்வொரு கட்டையாக ஊன்றி வந்தார். ஒவ்வொரு படியாக ஏறினார். பெட்டி விடாமல் கத்தியது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வாரம்னு சொன்னே," என்றார் அவர்.

"ஆமாண்ணா."

"அதுக்கப்புறமும் தினம் நின்னேன்."

"பார்த்தேண்ணா," என்றாள். வெட்கத்தில் காது சுட்டது. அதை மறைக்க, முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிவிட்டு, "நடக்க முடியாதவர் நிக்கிறார், கண்ணு தெரியலையா?" என்று ஒரு காரணமும் இல்லாமல் சத்தம் போட்டாள். அந்த ஆள் ஏற்கெனவே எழுந்துகொண்டுதான் இருந்தார்.

அன்றிலிருந்து தினமும் பஸ் அந்தக் கேட்டில் நின்றது, பெட்டி தினமும் கத்தியது. ஒரு வாரம் போவதற்குள் மாடியிலிருந்து ஆள் வந்துவிட்டது, இரண்டு பேரும் மேலே வர வேண்டுமாம்.

மேனேஜர் முகம் இறுகியிருந்தது. "மேலிடத்துலேர்ந்து கேக்குறாங்க. யாராவது ஒருத்தர் பேர்ல நான் எழுதியாகணும். அந்த ஆளை இந்த வண்டியிலேர்ந்து மாத்திடுவாங்க, தூரத்து டிப்போவுக்கு. கண்டக்டர் பெல் அடிச்சு வண்டி நின்னா கண்டக்டர் தப்பு. பெல் இல்லாம நிறுத்தினா டிரைவர் தப்பு. சொல்லுங்க, எது முதல்ல? பெல்லா, பிரேக்கா?"

"பிரேக்தான் சார்," என்றார் டிரைவர். "நானாத்தான் நிறுத்தினேன். எனக்கு அந்த வியாதி பழசு, கம்பெனிக்கே தெரியும். என்னை எழுதிக்குங்க. இவ பெல்லைத் தொடவே இல்ல."

"யார் தொடல?" என்று கண்டக்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள். "நான் அடிச்ச பெல் பாலம்வரைக்கும் கேட்டிருக்கும். உங்க காது என்ன அடைச்சுப்போச்சா?"

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? என் பெல்லுக்கு நீங்க யாரு பதில் சொல்ல?"

"சார், இவ கோவத்துல பேசறா. இத்தனை வருஷமா நிறுத்தாதே நிறுத்தாதேன்னு என் உயிரை வாங்கினவளே இவதான். இவ போய் பெல் அடிப்பாளா?"

"இந்த மனுஷன் வாயை முதல்ல மூடச் சொல்லுங்க சார்!"

மேனேஜர் மேஜையைத் தட்டினார். இரண்டு பேரும் நிறுத்தினார்கள். பக்கத்து அலமாரியில் டிரைவருக்கு இதுவரை கொடுத்த மெமோக்கள் தடியாக ஒரு கட்டு இருந்தது. அத்தனையும் பெல் இல்லாமல் வண்டியை நிறுத்தியதற்காக. அது மேனேஜருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், டிப்போவில் காவல் இருக்கிறவருக்கும் தெரியும். கண்டக்டரம்மா தோளில் தொங்கிய பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"சார், இவர் சொல்றதை நம்பாதீங்க. சுத்தப் பொய். கல்யாணமானதுலேர்ந்து நான் இவர் வண்டியிலதான் வேலை பார்க்குறேன். எனக்குத் தெரியாதா? நான் பெல் அடிக்காம இவர் எங்கயும், யாருக்காகவும், ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தினதே இல்ல."

டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்டு அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. மேனேஜர் அலமாரியை ஒரு தடவையும் அவர்கள் இருவரையும் ஒரு தடவையும் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, இந்தப் பஞ்சாயத்தை அப்புறம் பார்க்கலாம், மேட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது, இரண்டு பேரும் முதலில் போய் வண்டியை எடுங்கள் என்றார்.